எந்தத் தொகுதி, எந்தப் பக்கம்?

1

எங்கள் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு குட்டித் திரை உட்கார்ந்திருக்கிறது. மடக்கி மூடுகிற மாதிரி எழுத்துப் பலகையும் உண்டு. தொலைபேசி இலாகாவே இலவசமாகக் கொடுத்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு தொலைபேசி வேண்டுமென்று எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிற புதுச்சேரிக்காரர்கள் நீங்கள். இங்கே லியோன் நகரத்தில் கூப்பிட்டுக் கையில் கொடுக்கிறார்கள். எண்ணைச் சுழற்றி, காதில் கீச்சென்று சத்தம் வந்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ரயில் எத்தனை மணிக்கு, நாளைக்கு மழை உண்டா, இன்னாருடைய தொலைபேசி எண் என்ன, எல்லாம் எழுத்து எழுத்தாக வந்து நிற்கிறது. வந்து சில மாதங்கள் ஆகியும் நான் அதன் முன்னால் பயபக்தியோடுதான் உட்காருகிறேன். வேலை முடிந்ததும் பூப்போட்ட துணியால் மூடி வைக்கிறேன். என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

போன வாரம் என் மகள் நாதிராவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். பெற்றோர் பிறந்த ஊரைப் பற்றி. அந்த ஊரில் பிறந்தவர்கள் இரண்டு பேர் அதே வீட்டில் இருக்கிறோம். ஒருத்தி அடுப்படியில், ஒருவர் நாற்காலியில். பன்னிரண்டு வயது மகாராணி எங்களைக் கேட்கவில்லை. திரையைக் கேட்டாள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று யாரோ நடத்துகிற சேவை ஒன்று அதில் இருக்கிறது. அது நான்கு வரி கொடுத்தது. புதுச்சேரி ஒரு துறைமுகமாம். நீலத்துணியைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறதாம். பிரெஞ்சு ஆளுநர் ஒருவர் கடற்கரையில் மாளிகை கட்டிக்கொண்டு ஆட்சி செய்கிறாராம். அப்படியே பார்த்து எழுதிவிட்டாள்.

"யாருடி எழுதினது இத?" என்றேன்.

"மெஷின்."

"மெஷினுக்கு யாரு எழுதிக் குடுத்தா? எந்த வருஷம்?"

"அதெல்லாம் போடல. மெஷின்லயே இருக்கே, தப்பாவா இருக்கும்?"

நான் தமிழில் கேட்டேன், அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. ஆளுநரை இறக்கிவிட்டு ரொம்ப நாளாகிறது, உன் அத்தா பிறந்த காலத்துச் சமாச்சாரம் இதெல்லாம் என்று விளக்கினேன். அவள் தோளைக் குலுக்கினாள். இந்தத் தோள் குலுக்கலை நான் கற்றுக்கொடுக்கவில்லை, இந்த நாடு கற்றுக்கொடுத்தது.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்காமல் ஒன்றை நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கதையை அன்றைக்கே அவளை உட்காரவைத்துச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் நான் யாரென்று சொல்ல வேண்டும். புதுச்சேரி உப்பளத்தில் பிறந்தவள். அத்தாவுக்கு மெத்தை, தலையணைக் கடை. எழுபத்து மூன்றில் கல்யாணம் முடிந்த கையோடு இங்கே வந்து சேர்ந்தேன். கணவர் வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தார்கள். அவருக்கு இங்கே தபால் இலாகாவில் வேலை. எனக்குக் காகிதங்கள் சரியாவதற்குள் உயிர் போய்விட்டது. குடும்பப் பெயர் என்ன என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் கணவருடைய தகப்பனார் பெயரை எடுத்துக் குடும்பப் பெயர் ஆக்கி, அதையே எனக்கும் மாட்டிவிட்டார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். இன்றைக்குத் தினமும் தொலைபேசியை எடுத்து, "வணக்கம், யூசுப் பேசுகிறேன்" என்கிறேன். முதல் ஒரு வருடம் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பழகிவிட்டது.

எனக்கு வேலை கிடைத்தது பல்கலைக்கழக நூலகத்தில். பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நூலகத்தில் இல்லாத கட்டுரையை இன்னொரு நூலகத்திலிருந்து வரவழைத்து, நகல் எடுத்து, கட்டிக் கொடுக்கிற பிரிவு. உறையில் விலாசம் எழுதுவேன், தபால்தலை ஒட்டுவேன். ஆனால் சேர்ந்த முதல் நாளே அசந்துபோனேன். எங்கேயோ ஒரு மலை ஊரில் ஒருவர் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தின் இத்தனையாவது பக்கம் வேண்டும் என்று கேட்கிறார். முன்பின் தெரியாத இன்னொரு ஊர்க்காரர் அதைத் தேடி எடுத்து அனுப்புகிறார். சண்டை இல்லை, சிபாரிசு இல்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை மனிதர்கள் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

3

எண்பத்து மூன்றாம் வருடம் என் தங்கை ஷம்ஷாத்திடமிருந்து கடிதம் வந்தது. அவளும் உப்பளத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். இரண்டு முறை கரு தங்கிக் கலைந்திருந்தது. இரண்டாவது தடவை ஆறாம் மாதம். அதற்குப் பிறகு அவள் எழுதும் கடிதங்களில் சிரிப்பே இருக்காது. இந்தக் கடிதத்தில் இருந்தது. மறுபடி மூன்று மாதம் என்றும், இந்தத் தடவை பயமில்லை, பிரான்ஸ் மருந்து சாப்பிடுகிறேன் என்றும் எழுதியிருந்தாள். கையில் ஒரு பெட்டிதான் பாக்கி, இன்னும் இரண்டு பெட்டி வாங்கி அனுப்பு அக்கா என்று கேட்டிருந்தாள்.

பிரான்ஸ் மருந்து என்றால் நம் ஊரில் என்ன மரியாதை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து வருகிறவர்களின் பெட்டியில் பாதி இடம் மருந்துக்குத்தான். மூட்டுவலித் தைலம், இருமல் மருந்து, சத்து மாத்திரை. காலி டியூபைக் கூடத் தூக்கிப் போடாமல் பீரோவில் வைத்திருப்பார்கள். எதற்கு என்ன மருந்து என்று தெரியாவிட்டால், பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுக் காகிதத்தை அவரிடம் காட்டினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொல்வார். அச்சில் பிரெஞ்சு இருந்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. ஷம்ஷாத்தின் கணவருக்குப் பாரிஸில் ஒரு பெரியம்மா மகன். அவர் மனைவிக்குப் பல வருடங்களுக்கு முன்னால் கரு நிற்காமல் இருந்து, இந்த மாத்திரை சாப்பிட்டு ஆண் குழந்தை பிறந்ததாம். மிச்சமிருந்த மூன்று பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பெட்டியில் தேதி முடிந்து எத்தனை காலம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. தெருவிலிருந்த சொல்தா துண்டுக் காகிதத்தைப் படித்து, கரு கலையாமல் காக்கும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது என்றார். எழுதியிருந்தது உண்மைதான். பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவும், நல்ல மருந்துதான், நாங்கள் படிக்கும்போதே பாடத்தில் இருந்தது, சாப்பிடட்டும் என்றிருக்கிறார். ஷம்ஷாத்தின் மாமி தினமும் தன் கையாலேயே மாத்திரையும் பாலும் கொடுத்தார். அந்த அம்மாவுக்குத் தன் மருமகள் மேல் உயிர்.

நான் சந்தோஷமாக மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் யாருக்கு என்று கேட்டாள். கர்ப்பமாக இருக்கும் என் தங்கைக்கு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"கர்ப்பிணிகளுக்கு இதை இப்போது கொடுப்பதில்லை மதாம்."

"ஏன்?"

"உங்கள் டாக்டரைக் கேளுங்கள்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. வெளியே வந்து நேரே நூலகத்துக்கு நடந்தேன்.

4

நூலகத்துக்குப் போனதும் முதல் காரியமாக மருத்துவ அகராதியை இறக்கினேன். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய புத்தகம். அந்த மருந்தின் பெயர் இருந்தது. கரு கலையாமல் தடுக்கத் தரப்படும் என்று இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவு பெரிய புத்தகம் பொய் சொல்லுமா என்று நினைத்து மூடப் போனேன்.

எலென் பக்கத்தில் வந்து நின்றாள். என் வயதுக்காரி, தகவல் தேடும் பிரிவில் இருப்பவள். எந்நேரமும் பேனாவைக் கொண்டையில் செருகியிருப்பாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அகராதியின் முதல் தாளைத் திருப்பி அச்சிட்ட வருடத்தைக் காட்டினாள். நான் தாவணி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் அச்சானது அது.

"இந்தப் புத்தகம் பொய் சொல்லவில்லை, அன்றைக்குத் தெரிந்ததைச் சொல்கிறது" என்றாள். "இன்றைக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம், வா."

அவளுடைய அறையில்தான் அந்தக் கருவி இருந்தது. இப்போது வீட்டில் இருக்கிற குட்டித் திரைக்கு அது பெரியப்பா. தட்டச்சு மாதிரி ஒன்று, பக்கத்தில் தொலைபேசி. தொலைபேசிக் கைபிடியை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களில் கவிழ்த்து வைத்தால், தொலைதூரத்தில் வேறொரு நாட்டில் இருக்கும் கணினியோடு பேசும். அந்தக் கணினிக்குள் உலகத்து மருத்துவக் கட்டுரைகளின் விவரம் அத்தனையும் இருக்கிறது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறும் என்பதால் பேராசிரியர்கள்தான் கேட்கலாம். அதற்கும் கையெழுத்து, முத்திரை, ஆய்வுக்கூடத்தின் கணக்கு எண் எல்லாம் வேண்டும். எனக்கு ஏது ஆய்வுக்கூடம்? நான் வாசலிலேயே தயங்கி நின்றேன்.

"ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். யாரும் வருவதே இல்லை. இன்றைக்கு உனக்குப் பயிற்சி" என்று என்னை இழுத்து உட்காரவைத்தாள் எலென். நல்லவள், நன்றாக இருக்கட்டும்.

எடுத்த எடுப்பில் கருவியைத் தொடவிடவில்லை. என்ன கேட்கப் போகிறோம் என்று காகிதத்தில் எழுதச் சொன்னாள். மருந்தின் பெயர். அதன் மற்றப் பெயர்கள். கர்ப்பம். பிறந்த குழந்தை. இது இருக்க வேண்டும், கூடவே அதுவும் இருக்க வேண்டும் என்று சொற்களைப் பின்னினாள். பிறகு எண்ணைச் சுழற்றிக் கைபிடியைக் கிண்ணத்தில் கவிழ்த்தாள். கீச்சென்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் யாரும் தொடாமலேயே அச்சுத்தலை ஓட ஆரம்பித்தது. காகிதம் தானாக ஏறி வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒன்று, உப்பளத்து மெத்தைக்கடைக்காரர் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அல்லாவே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

நூற்றுக்கணக்கில் வந்தன. இவ்வளவா என்று பூரித்துப்போனேன். எலென் பூரிக்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள். இது மருந்து விற்கிறவர்களே செலவு செய்து எழுதவைத்தது, வேண்டாம். இது கருத்து மட்டும், கணக்கில்லை. இது பழசு. இது யாரும் சரிபார்க்காமல் அச்சுப் போட்டது.

"மெஷின் கொடுத்ததைப் போய் அடிக்கிறாயே?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு எது நிஜம் என்று தெரியாது. யார் எங்கே என்ன எழுதினார்கள் என்றுதான் தெரியும். அச்சுக்கு முன்னால் யார் பார்த்தார்கள், வேறு ஊரில் வேறு ஆள் திரும்பச் செய்து பார்த்தாலும் அதே விடை வந்ததா, இதையெல்லாம் நாம்தான் கேட்க வேண்டும்."

கடைசியில் மூன்றே மூன்று மிஞ்சின. மூன்றும் வேறு வேறு ஊரில், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் செய்தவை. அவற்றில் இரண்டு எங்கள் அலமாரியிலேயே இருந்தன. எலென் படித்துச் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். அந்த மாத்திரை கருவைக் காப்பதே இல்லை. சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் ஒரே கதிதான். அது மட்டுமென்றால் பரவாயில்லை. சாப்பிட்ட தாய்மார்களுக்குப் பிறந்த பெண் குழந்தைகளில் சிலருக்கு, வளர்ந்து வயதுக்கு வந்த பிறகு, வரக் கூடாத இடத்தில் புற்றுநோய் வந்திருக்கிறது. கருவாக இருந்தபோது தாய் விழுங்கியது, பதினைந்து இருபது வருடம் கழித்து மகளைப் பிடித்திருக்கிறது.

நான் அழுதேன். எலென் என்னை அழவிட்டாள். பிறகு கேட்டாள்: "உங்கள் ஊரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் இந்தச் சஞ்சிகை அங்கே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் சிரிப்பு. அம்மாவோடு மருந்துச் சீட்டு வாங்க நான் வரிசையில் நின்ற ஆஸ்பத்திரி அது. அங்கே போய் இது இருக்குமா?

"நகல் அனுப்பினால் போய்ச்சேர நாளாகும். எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று தொலைபேசியில் சொல்" என்றாள்.

5

ஷம்ஷாத் வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனை அரிசி மண்டியில் உண்டு. மண்டிக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். இங்கே நண்பகல், அங்கே சாயங்காலம். ஆபரேட்டர் இணைத்துக் கொடுத்ததும் கடல் இரைகிற மாதிரி ஒரு இரைச்சல்.

"அக்கா! இன்னாக்கா திடீர்னு? மச்சான் நல்லா இருக்காரா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். ஷம்ஷாத், அந்த மாத்திரைய நிறுத்திடு."

"இன்னாது?"

"மாத்திரைய நிறுத்து. பொட்டப் புள்ளயா இருந்தா ஆபத்து. கேக்குதா?"

"பிரான்ஸ் மருந்துக்கா அது!"

"பிரான்ஸ்லயே குடுக்கறதில்லடி இப்ப."

இணைப்பு போய்விட்டதோ என்று நான் அலோ அலோ என்று கத்தினேன். பிறகு மாமியின் குரல் தூரத்தில் கேட்டது. கூடவே வந்திருக்கிறார். இன்னாவாம், இன்னாவாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஷம்ஷாத் சொன்னதும் தொலைபேசியை அவரே வாங்கிவிட்டார்.

"ஏம்மா, ரெண்டு தடவ வாரிக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கோம். இப்பதான் நிக்குது. நிறுத்தச் சொல்றியே, கலைஞ்சு போச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

என்ன சொல்வது? மாத்திரைதான் நிறுத்தி வைத்திருக்கிறது என்று நம்புகிற ஒரு தாயிடம், கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்வது? பதில் சொல்லுவேன் மாமி என்று சொல்லிவிட்டேன். கலைந்தால் ஆயுசுக்கும் நான்தான் கலைத்தவள்.

ஷம்ஷாத் மறுபடி வாங்கினாள். அவள் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"யாருக்கா சொன்னது? எங்க எழுதியிருக்கு?"

பத்தாவது வரைக்கும் படித்தவள். கர்ப்பிணி. பக்கத்தில் மாமி அழுதுகொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் அவளுக்கு அந்தக் கேள்வி கேட்கத் தோன்றியதே என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

"பென்சில் இருக்கா? எழுதிக்க" என்றேன்.

சஞ்சிகையின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தொகுதி எண், வருடம், பக்கம். அரிசி மண்டி பில்லின் முதுகில் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினாள். இரைச்சலில் ஒரு எண் மாறிப்போய், மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மண்டியில் அரிசி வாங்க வந்தவர்களெல்லாம் அவளுக்காகச் சத்தம் போடாமல் நின்றார்களாம்.

6

அப்புறம் நடந்ததை ஷம்ஷாத் எழுதித்தான் தெரியும்.

மறுநாள் காலையிலேயே காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போயிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு முதலில் சுருக்கென்று கோபம். "பிரான்ஸ்ல உறைக்கு ஸ்டாம்ப் ஒட்டறவங்க சொன்னா நான் மருந்த மாத்தணுமா?" என்று கேட்டாராம். பிறகு காகிதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். வதந்தி தொகுதி எண்ணோடும் பக்கத்தோடும் வராது என்று படித்தவருக்குத் தெரியாதா? அவர் அதே மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கடைசி நோயாளி போனதும் ரிக்‌ஷா பிடித்துக் கல்லூரி நூலகத்துக்குப் போனார்.

இருந்தது! எலென் சொன்ன மாதிரியே இருந்தது. சிவப்புத் துணி அட்டை போட்டு, வருடவாரியாகக் கட்டி, மேல் தட்டில் இருந்ததாம். லியோனில் ஒரு கருவி சொன்ன தொகுதி, புதுச்சேரியில் ஒரு அலமாரியில், அதே வருடம், அதே பக்கம். நான் இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. முகம் தெரியாத யாரோ, என்றைக்காவது யாருக்காவது தேவைப்படும் என்று அதைச் சந்தா கட்டி வாங்கி, தைத்து, அட்டை போட்டு, தூசி தட்டி வைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா நின்றபடியே படித்திருக்கிறார். மறுநாள் அவரே உப்பளத்துக்கு வந்து மாமியிடம் பேசினார்.

"மாத்திரைய நிறுத்துங்கம்மா. இது புள்ளயக் காப்பாத்தாது. நின்னா அதுவா நிக்கும், கலைஞ்சா அதுவா கலையும். நல்ல மருந்துன்னு சொன்னது நான்தான். எதுன்னாலும் என்னக் கேளுங்க, அவங்க அக்காவக் கேக்காதீங்க."

பெரிய மனசு. எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள்?

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நூலகத்தில் தொலைபேசி அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று விலகி நிற்பேன். வீட்டுக்கு வந்தால் முதலில் தபால் பெட்டியைத் திறப்பேன், திறக்கப் பயந்துகொண்டே. நாலாம் மாதம், ஐந்தாம் மாதம். ஆறாம் மாதத்தில் நான் தொழுத தொழுகை நாதிரா பிறந்தபோது கூடத் தொழவில்லை. மாமி எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அது எனக்குப் புரிந்தது.

மாதம் நிறைந்து தந்தி வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். தந்தியைக் கொண்டுபோய் எலெனிடம் காட்டினேன். அவளுக்கு எங்கள் ஊர்த் தபால்காரர் ஆங்கிலமும் புரியவில்லை, என் அழுகையும் புரியவில்லை. எழுந்து கட்டிக்கொண்டாள்.

பெண் என்றதும் எனக்கு ஒரு கண் சிரித்தது, ஒரு கண் அழுதது. சில வாரங்கள் மாத்திரை உள்ளே போயிருக்கிறதே.

7

போன கோடையில் ஊருக்குப் போனோம். குழந்தைக்குப் பேர் சபீனா. தத்தக்கா பித்தக்கா என்று வீடெல்லாம் ஓடுகிறது. மாமி என்னைக் கண்டதும் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார். மன்னிப்பு, நன்றி என்றெல்லாம் எங்களுக்குள் வார்த்தை பரிமாற்றம் இல்லை. மதியம் எனக்கு மட்டும் இரண்டு துண்டு மீன் அதிகமாக விழுந்தது.

டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். "பெரியவளானதும் வருஷா வருஷம் ஒரு தடவ பாக்கணும். ஒண்ணும் இருக்காது, ஆனாலும் பாக்கணும். எந்த வயசுல, எங்க பாக்கணும்னு நமக்குத்தான் தெரியுமே" என்றார்.

அமெரிக்க டாக்டர்கள் எழுதிய அந்தக் கட்டுரையின் நகலை நான் கொண்டுபோயிருந்தேன். ஒரு சாயங்காலம் ஷம்ஷாத் அதைத் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னாள். வரி வரியாகச் சொன்னேன். இத்தனை வயதுப் பெண், இந்த மாதிரி வலியோடு வந்தாள். அடுத்தவள், இன்ன வயது. இவள் பிழைத்தாள், இவள் பிழைக்கவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"இந்தப் பொண்ணுங்க பேரு போடலியா?"

"போட மாட்டாங்க. எழுதின டாக்டருங்க பேரு மட்டும் மேல இருக்கும்."

"அவங்க அம்மாவுங்க பேரு?"

"அதுவும் இல்ல."

"அவங்களும் புள்ள நிக்கணும்னுதானே சாப்ட்டிருப்பாங்க" என்றாள். வருடக்கணக்காக அந்த மாதிரிக் கட்டுரைகளைக் கட்டுக் கட்டாக உறையில் போட்டு ஒட்டுகிறவள் நான். அதற்குள் இருக்கிறவர்களின் பெயரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் அத்தா இறந்த நாளில் வருடா வருடம் ஓதும் பாத்திஹா வந்தது. ஷம்ஷாத் வீட்டில்தான் ஏற்பாடு. தேங்காய்ச் சோறு ஆக்கி, வாழைப்பழம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தினோம். பள்ளிவாசலிலிருந்து ஹஜ்ரத் வந்து பாயில் உட்கார்ந்தார். ஓதுவதற்கு முன்னால் வழக்கம்போல, யார் யார் பேருக்கு என்று கேட்டார். அத்தா பேரைச் சொன்னோம், மாமி தன் கணவர் பேரைத் தன் வாயால் சொல்லாமல் இன்னொருவரைச் சொல்லவைத்தார். போதுமா என்கிற மாதிரி ஹஜ்ரத் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பேரு இருக்காங்க ஹஜ்ரத்" என்றாள் ஷம்ஷாத். "எல்லாம் பொட்டப் புள்ளைங்க. பேரு தெரியாது."

"பேரு தெரியாதா? எந்த ஊரும்மா?"

"அமெரிக்கா."

ஹஜ்ரத் குழம்பிப்போய் மாமியைப் பார்த்தார். மாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"நம்ம சொந்தமா?" என்று கேட்டார் ஹஜ்ரத்.

ஷம்ஷாத் சபீனாவின் முக்காட்டைச் சரிசெய்து விட்டாள்.

"ஆமாங்க ஹஜ்ரத். இவளுக்கு அக்காவுங்க."

ஹஜ்ரத் கைகளை ஏந்தி ஓத ஆரம்பித்தார். நாங்களும் ஏந்தினோம்.